கட்டுண்ட சுறாவும் கடற்கன்னியும்

கடலோடிப் பிழைக்கும் மக்கள் யாண்டு வாழினும், பாதி மனிதவுருவும் பாதி விலங்குருவும் கொண்ட உயிர்களைப் பற்றிய கதைகளும், கொடிய உயிர்களை மந்திரத்தால் வசப்படுத்தும் செய்திகளும் அவர்களிடையே வழங்கக் காண்கின்றோம். முத்துக்குப் பெயர்பெற்ற நம் தூத்துக்குடிக் கடற்கரையும் இதற்கு விலக்கன்று. சுறாவின் வாயைக் கட்டினோர் வரலாறும், வலையிற் பட்ட கடற்கன்னியரின் வரலாறும் இக்கடலுக்கே உரியவை. அவற்றின் உண்மை யாதென ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சுறாவைக் கூறுவோம். பண்டு முத்துக்குளிப்போர், கல் கட்டிய கயிற்றிற் காலை ஊன்றி, மூச்சையடக்கி, பத்து முதல் இருபது மீட்டர் ஆழம்வரை இறங்குவர். அடித்தளத்தில் அவர்கள் சிப்பி பொறுக்கும் காலம் ஏறத்தாழ ஒரு நிமிடமே. அந்நிமிடத்திற் சுறா எதிர்ப்படின் ஓடி ஒளிய இடமில்லை. ஆதலின் 'கடல்கட்டி' எனப்படுவோர் மந்திரஞ் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டினாலன்றி அவர்கள் கடலில் இறங்கமாட்டார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு இம்மந்திரக்காரருக்குக் கூலியாகக் கொடுக்கப்பட்டதென எழுதியுள்ளார். இரவில் அவர்கள் கட்டை அவிழ்த்து விடுவராம். கள்ளர் இருளில் இறங்கிச் சிப்பி திருடாமைப் பொருட்டே இவ்வேற்பாடு என்றும் அவர் கூறுகின்றார்.

மந்திரத்தில் நம்பிக்கை வையாத ஆங்கில அரசாங்கத்தாரும் கடல்கட்டிகளைக் கைவிட்டாரல்லர். காரணம் எளிது. கடல்கட்டி இன்றேல் குளிப்போர் இறங்கார். குளிப்போர் இறங்காவிடில் முத்தில்லை. முத்தில்லையேல் வருவாயும் இல்லை. நூற்றுக்கணக்கான படகுகளும் ஆயிரக்கணக்கான மக்களும் எழுப்பும் ஆரவாரமே சுறாவை விலக்கியிருத்தல் கூடும் என்பது அறிஞர் கருத்து. எனவே கட்டுண்டது சுறாவன்று, குளிப்போனது அச்சமே எனலாம். எனினும் அதனை எள்ளி நகையாடுதல் தகாது. உயிரைப் பணயம் வைத்து இறங்குபவனுக்கு அவ்வொரு நிமிடத்தில் வேண்டுவது கலங்காத நெஞ்சு. அதனை அவனுக்கு அளித்தது கடல்கட்டியின் சொல்லே.

இஃதிவ்வாறிருக்க, கடற்கன்னியின் வரலாறு வேறுவகைத்து. 1560-ஆம் ஆண்டில் மன்னார்க் கரையில் மீனவர் வலையிலே ஆணும் பெண்ணுமாக ஏழு 'கடல் மாந்தர்' அகப்பட்டனர் என்றும், கோவை நகரத்துப் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியின் மருத்துவர் அவற்றை அறுத்து ஆராய்ந்து, உள்ளுறுப்புகள் மனிதருடையவற்றை ஒத்தன எனக் கூறினார் என்றும் ஒரு செய்தி உண்டு. இங்குக் கோவை என்றது கோவா நகரை. இதனைக் கண்டோருள் ஒருவராகச் சொல்லப்படுபவர், 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழெழுத்தில் அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார் என்பது நம்மனோர்க்கு வியப்பளிப்பதாம்.

அவ்வுயிர்கள் யாவை? நம் மீனவர் ஆவுளியா என்றும் பிறர் கடற்பசு என்றும் அழைக்கும் விலங்கே அவையென இன்று தெளியப்படுகின்றது. ஆவுளியா மீனன்று, குருதி வெம்மையுடைய பாலூட்டி. ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமுடையது. நுரையீரலால் மூச்சு விடுவதாதலின் சில நிமிடங்களுக்கொருமுறை நீர்மட்டத்திற்கு வருதல் வேண்டும். பெண் விலங்கின் முலைகள் முன்துடுப்புகளின் அடியில், மார்பை அடுத்து அமைந்துள்ளன. மார்பும் துடுப்பும் மேலே தோன்ற, மீன்போன்ற வால் நீருள் மறைய, மங்கிய ஒளியில் தொலைவினின்று நோக்கிய மாலுமிகள் அதனைப் பெண்ணென மயங்கினர். 1493-இல் கொலம்பசும் மேலைக் கடலில் இவ்வினத்தை ஒத்த விலங்குகளைக் கண்டு கடற்கன்னியர் என்றே குறித்தார்.

பாட்டினால் மாலுமிகளை மயக்கிக் கொன்ற 'சைரன்' மாதரின் பெயரையே விலங்கு நூலார் இவ்வினத்திற்கு இட்டனர். உண்மையிலோ, இதனினும் சாதுவான உயிர் கடலிற் காண்டல் அரிது. அது தின்பது பெரும்பாலும் கடற்புல்லே. 1960-களில் மண்டபம் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இரண்டு ஆவுளியாக்களைத் தொட்டியில் வைத்துப் பேணி, அவற்றின் நடையை ஆராய்ந்தனர். அவற்றைப் பழக்க மந்திரம் வேண்டப்படவில்லை. புல்லும் நீரும் பொறுமையுமே வேண்டப்பட்டன.

ஆயின் அச்சாதுத்தன்மையே அதற்குக் கேடாயிற்று. வடபசிபிக்கில் 1741-இல் ஸ்டெல்லர் என்னும் அறிஞர் கண்ட பெருங்கடற்பசு, இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு 1768-க்குள் அறவே அழிந்தது. இருபத்தேழு ஆண்டுகளில் ஓரினம் மறைந்தது! நம் ஆவுளியாவும் இறைச்சிக்காக நெடுங்காலம் கொல்லப்பட்டது. பெண் ஆவுளியா ஏறத்தாழ ஓராண்டுக்கு மேல் கருவைச் சுமந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே ஒன்று வலையிற்பட்டு மூச்சடைத்து இறப்பினும் அவ்விழப்பு எளிதில் ஈடாகாது. இன்று இந்தியக் கடல்களில் எஞ்சியவை சில நூறே.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் கொல்லுதலைத் தடுக்கின்றது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2022-இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தது. இவையனைத்தினும் மேலானது வலைஞரின் கையே. வலையிற் சிக்கிய ஆவுளியாவை அறுத்து விற்றால் அன்றைய வறுமை தீரும். அங்ஙனமிருந்தும் வலையையே அறுத்து அதனை விடுவிக்கும் மீனவர் இக்கரையில் உளர். வலையின் விலை அறிந்தவர்க்கே அச்செயலின் அருமை விளங்கும்.

அன்று கடல்கட்டி சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்னான். இன்று கட்டுண்ணவேண்டுவது மனிதனின் பேராசையே. அதற்கு மந்திரமில்லை, அறிவும் இரக்கமும் உண்டு. கற்றோராகிய நாம் கரைவாழ் மக்களோடு கூடி இவ்வுயிரைக் காப்போமாக.