பிரெஞ்சுக் கவிதையின் அசைக் கணக்கு

குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைப் பார்த்து நேர், நிரை என்று அசை பிரிக்கும் தமிழ் யாப்பைப் போலன்றி, பிரெஞ்சு யாப்பு அசையின் அளவைப் பொருட்படுத்தாமல் ஓர் அடியில் அசைகள் எத்தனை என்பதையே முதன்மையாக எண்ணுகிறது. ஆறாம் அசைக்குப் பின் சற்றே நின்று செல்லும் பன்னிரண்டு அசை அடியான ‘அலெக்சாந்த்ரேன்’ நெடுங்காலம் அதில் கோலோச்சியது. எண்ணுவதில் சிக்கலை உண்டாக்குவது சொல்லிறுதியில் நிற்கும் ‘ஊமை எ’ என்னும் எழுத்தாகும். பேச்சில் பெரும்பாலும் விழுங்கப்படும் இது, செய்யுளில் அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கினால் தனி அசையாக ஒலிக்கிறது, உயிரொலியில் தொடங்கினால் மறைகிறது, அடியின் கடைசியில் கணக்கில் சேர்வதே இல்லை. ஆயினும் அதில் முடியும் இயைபு ‘பெண்பால் இயைபு’ என்றும் மற்றது ‘ஆண்பால் இயைபு’ என்றும் பெயர் பெறுகின்றன. இரண்டும் மாறி மாறி வரவேண்டும் என்ற வழக்கம் 16ஆம் நூற்றாண்டில், கவிஞர் ரொன்சார் காலத்தில், நிலைபெற்றது.

போல் வெர்லேன் 1866இல் வெளியிட்ட ‘இலையுதிர்காலப் பாடல்’, நார்மண்டிப் படையிறக்கத்துக்கு முன் லண்டன் வானொலி ரகசியக் குறிப்பாகவும் ஒலிபரப்பிய சிறு கவிதை, இக்கணக்கைப் பழக ஏற்றது. ஆறடிப் பத்திகள் மூன்று கொண்ட அதில் அடிகள் நான்கு, நான்கு, மூன்று அசைகளாக நடக்கின்றன. இரண்டாம் அடியில் நான்கு அசை நிரம்ப வேண்டுமானால், பேச்சில் ‘வியோ-லோன்’ என ஈரசையாக வரும் வயலினின் பெயரை ‘வி-ஓ-லோன்’ என மூன்றாகப் பிரித்தே படிக்க வேண்டும். அடுத்த பத்தியில் ‘பழைய’ எனப் பொருள்படும் ‘ஆன்-சியேன்’ என்னும் சொல்லோ ஈரசையாகவே நிற்கிறது. உச்சரிப்பை அகராதி அன்று, அடியே தீர்மானிக்கிறது.

இயைபின் வளத்தை ஒத்துவரும் ஒலிகளின் எண்ணிக்கையால் அளப்பர்: ஒன்று ஒத்தால் எளியது, இரண்டானால் போதுமானது, மூன்றானால் வளமானது. முதல் பத்தியில் ‘ஓதொன்’, ‘மொனொதொன்’ ஆகியவை த், ஒ, ன் என மூன்றொலி ஒத்து வளமான இயைபாகின்றன. அப்பத்தியில் மூக்கொலி உயிர்களும் ஒகரமும் செறிந்திருப்பதைச் சோகத்தின் ஒலி என விளக்குவோர் உண்டு. ஆனால் அவ்வொலிகள் களிப்பான பிரெஞ்சிலும் நிறைய வருபவையாதலால், ஒலியைப் பொருளோடு சேர்த்தே மதிப்பிடுவது நல்லது.

தொடர் அடிக்குள் முடியாமல் அடுத்த அடிக்கு வழிவதை, 1674இல் ‘கவிதைக் கலை’ எழுதிய புவாலோ விரும்பவில்லை. வெர்லேனோ இறுதிப் பத்தியில் ‘இலை’ என்னும் பெயர்ச்சொல்லுக்கு முன்வரும் ‘லா’ என்ற சார்புச்சொல்லை அடியிறுதியிலேயே நிறுத்தி, அதையே முந்தைய அடியின் ‘தெலா’வுக்கு இயைபாக்கினார், அங்கே குரலை நிறுத்தினால் தொடர் அறுகிறது, நிறுத்தாவிட்டால் இயைபு காதில் விழாமல் போகிறது.