சட்டம் முன்னே, சங்கம் பின்னே

மகாசபைக்கு அறிவிப்பு வந்ததும் நம்மிடையே எழும் பேச்சை நாம் நன்கு அறிவோம். தறியில் பாவு ஏற்றியாகிவிட்டது, இன்று விட்டுவர முடியாது என்பார் ஒருவர். வாய்க்கால் தண்ணீர் முறை இன்றுதான் என்பார் மற்றொருவர். "கணக்கை ஆபீசர் பார்த்துக்கொள்வார்; நாம் போய் என்ன ஆகப்போகிறது?" என்று முடிப்பார் மூன்றாமவர். முதல் இரண்டும் தொழிலின் நெருக்கடி. மூன்றாவது பேச்சை மட்டும் நாம் இலேசாக விட்டுவிடலாகாது. அது சோம்பலில் மட்டும் பிறந்ததன்று. அதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய கதை அது. சென்னை ராஜதானியின் குடியானவர்கள் வட்டிக் கடனில் மூழ்கியிருந்தனர். விவசாய வங்கிகளை அமைக்க வழியுண்டா என்று ஆராயும் பொறுப்பை 1892-ம் ஆண்டில் சென்னை அரசாங்கம் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியிடம் ஒப்படைத்தது. ஐரோப்பிய நாடுகளின் சங்கங்களை ஆராய்ந்து, 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக அவர் அறிக்கை அளித்தார். நம் நாட்டில் 'நிதி' என்ற பெயரில் மக்கள் தாமே கூடி நடத்திவந்த ஸ்தாபனங்களையும் அவர் கவனித்தார். 1872-ல் தோன்றிய மயிலாப்பூர் இந்து பர்மனெண்ட் பண்டு அவ்வகையைச் சேர்ந்தது. ஆகவே, கூடிச் சேமிக்கவும் கூடிக் கடன் கொடுக்கவும் அறியாத மக்கள் அல்லர் நாம்.

ரெய்பைசனைப் போன்ற ஒருவரைத் தேடிக் காண வேண்டும் என்பதே நிக்கல்சனுடைய முடிவின் சாரம். ரெய்பைசன் ஜெர்மனியின் சிற்றூர்களில் தலைவராக இருந்தவர். 1846-47-ல் நேர்ந்த பஞ்சத்தில் ஏழைகளின் துயர் துடைக்க முற்பட்டவர், பின்னர் கிராமக் கடன் சங்கங்களை வளர்த்தார். சங்கத்தின் கடனுக்கு அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் சொத்து முழுவதையும் பொறுப்பாக்கினர். எனவே அடுத்த வீட்டுக்காரர் வாங்கிய கடன் எவ்வாறு செலவாகிறது என்று ஒவ்வொருவரும் கண்காணித்தனர். அங்கே முதலில் சங்கம் தோன்றியது. 1867-ல் பிரஷ்யாவில் இயற்றப்பட்ட சட்டம் அதனைப் பின்தொடர்ந்தது.

நம் நாட்டில் இவ்வரிசை தலைகீழாயிற்று. 1904-ம் ஆண்டு மார்ச்சில் சட்டம் வந்தது. ஆகஸ்டில் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் விவசாயக் கடன் சங்கம் பதிவாயிற்று. நிக்கல்சன் தேடச் சொன்னது ஒரு மனிதரை. கிடைத்ததோ ஓர் அலுவலகம். அதுவே பதிவாளர் அலுவலகம். சங்கத்தைப் பதிவு செய்பவர் அவர்; கணக்கைத் தணிக்கை செய்பவர் அவர்; விசாரணை நடத்துபவரும், முடிவில் சங்கத்தைக் கலைப்பவரும் அவரே. 1912-ம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களோடு நில்லாமல் நெசவாளர் சங்கம் போன்ற பிறவற்றுக்கும் வழி திறந்தது. ஆயினும் பதிவாளரின் பீடம் அசையவில்லை. கைத்தறிச் சங்கங்களுக்கு இந்த அதிகாரத்தைக் கைத்தறித் துறையின் தலைமை அதிகாரி செலுத்துகிறார்.

அக்காலத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. எழுத்தறியாத குடியானவர் வட்டிக்காரரின் பிடியில் கிடந்தபோது, நேர்மையான அதிகாரி ஒருவரின் துணை பெரிய பலமாகவே இருந்தது. குழந்தைக்கு நடைவண்டி வேண்டும். ஆனால் நடைவண்டியை எப்போது எடுப்பது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. 1932-ம் ஆண்டுச் சென்னைச் சட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுவை விலக்கிவைக்கும் அதிகாரத்தையும் தந்தது.

சுதந்திரம் வந்தது. அகில இந்திய கிராமக் கடன் ஆய்வுக் குழு 1954-ல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1951-52-ல் விவசாயிகள் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு ஏறத்தாழ 3 சதவீதமே. வட்டிக்காரரின் பங்கு ஏறத்தாழ 70 சதவீதம். இந்நிலை மாற, சங்கங்களின் பங்கு மூலதனத்தில் அரசாங்கமே சேர வேண்டும் என்று குழு கூறியது. மூலதனம் வந்தது, கடன் பெருகியது. பணத்தோடு பணம் போட்டவரின் குரலும் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டின் 1961, 1983-ம் ஆண்டுச் சட்டங்களிலும் பழைய அதிகாரங்கள் தொடர்ந்தன.

இங்கேதான் பழைய ஏற்பாடு இன்றைய அரசியலோடு பின்னிக்கொள்கிறது. அன்னிய ஆட்சியில் அப்பிடி, தேர்தலுக்கு நிற்காத அதிகாரியின் கையில் இருந்தது. மக்களாட்சியில் அதே பிடி, தேர்தலில் வெல்லும் கட்சி எதுவாயினும் அதன் கைக்கு எட்டுவதாயிற்று. கிராமந்தோறும் கடனும் உரமும் வழங்கும் ஸ்தாபனத்தின் நிர்வாகக் குழுவை விரும்பாத கட்சி உண்டோ? தமிழ்நாட்டில் 2001-ல் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். சங்கங்களுக்குப் பரவலாகத் தேர்தல் நடந்தது 2013-ல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் வாலிபராகச் சேர்ந்த அங்கத்தினர் வாக்களிக்காமலே நடுவயதை நெருங்கினார். மகாசபையில் கேள்வி கேட்கும் பழக்கம் எங்கிருந்து வரும்?

இதனைத் திருத்த 97-வது அரசியலமைப்புத் திருத்தம் 2012-ல் நடைமுறைக்கு வந்தது. கூட்டுறவுச் சங்கம் அமைப்பது குடிமக்களின் அடிப்படை உரிமையாயிற்று. ஆனால் நிர்வாகக் குழுவின் காலம், கலைப்புக்கு வரம்பு ஆகியவற்றைக் கூறிய பகுதி, பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களின் ஒப்புதலைப் பெறவில்லை. இக்காரணத்தால், மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அது செல்லாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டுறவு மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்ற ஏற்பாடும் பழையதே. 1919-ம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் அது மாகாணப் பொறுப்பாகியிருந்தது.

அப்படியாயின், பழைய அச்சிலேயே நாம் வார்க்கப்பட வேண்டியதுதானா? இல்லை என்பதற்கு இரு சான்றுகள் உண்டு. குஜராத்தின் கேடா ஜில்லாப் பால் உற்பத்தியாளர் சங்கம் 1946-ல் பதிவானது. அதற்கும் பதிவாளர் சட்டந்தான். ஆனால் அங்கத்தினர் நாள்தோறும் பாலோடு சங்கத்துக்கு வந்தனர். அளவையும் விலையையும் தம் கண்ணால் கண்டனர். தம் பொருளால் நடக்கும் சங்கத்தை அவர்கள் பிறருடையதாக எண்ணவில்லை. மற்றொரு சான்று ஆந்திரம். 1995-ல் அங்கு இயற்றப்பட்ட தனிச்சட்டம், அரசாங்கப் பங்கு மூலதனம் இல்லாத சங்கங்கள் தம்மைத் தாமே ஆள வழிசெய்தது. சொந்த மூலதனமே சுயாட்சியின் விலை என்பதை அச்சட்டம் வெளிப்படையாக்கியது.

ஆதலின் அங்கத்தினர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. சட்டத்தை மாற்றச் சட்டசபை வேண்டும். பழக்கத்தை மாற்ற நாமே போதும். அடுத்த மகாசபைக்கு முன் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிப்போம். அரசாங்கப் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு, தவணை தவறிய கடன் எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளையாவது எழுந்து கேட்போம். நூல் இருப்பும் விதை இருப்பும் ஏட்டில் உள்ளபடி கிடங்கில் உள்ளனவா என்று பார்ப்போம். தறியை அரைநாள் நிறுத்தினால் கூலி சிறிது குறையும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆயினும் அந்த அரைநாளை நாம் கொடுக்காவிடில், 1904-ல் போட்ட நாற்காலியில் இன்னொருவர் அமர்ந்து நமக்காக முடிவு செய்துகொண்டே இருப்பார்.