பதிவேட்டில் ஒன்பது பெயர்கள்

மே மாதம் முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1955-ம் ஆண்டில் ஏற்படுத்திய திருநாள் இது. அன்று பட்டறைகளையும் கடைகளையும் மந்திரிக்கக் குருவை அழைப்பது சில பங்குகளில் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அவ்விதமே ஒரு லேத் பட்டறைக்கு அழைக்கப்பட்டோம்.

பட்டறையின் உரிமையாளர் நம் பங்கைச் சேர்ந்தவர். ஞாயிறு பூசை தவறாதவர். மாதா கெபி கட்டியபோது முதல் நன்கொடை அவருடையதே. மாலையணிந்து நின்ற இயந்திரங்களுக்கெல்லாம் தீர்த்தம் தெளித்து முடித்தோம். பின்னர் தொழிலாளர் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் சிலுவை வாங்கிச் சென்றனர். எண்ண வேண்டுமென்று எண்ணவில்லை. ஆயினும் பதினான்கு பேர் என்பது மனத்தில் பதிந்துவிட்டது. காப்பி அருந்த மேசையருகே அமர்ந்தபோது வருகைப் பதிவேடு விரிந்து கிடந்தது. அதில் ஒன்பது பெயர்களே இருந்தன.

"மற்ற ஐந்து பேர் எங்கே?" என்று விளையாட்டாகக் கேட்டோம். அவர் சிரித்தார். "பத்துப் பேர் ஆகிவிட்டால் ஈ.எஸ்.ஐ. வந்துவிடும் சாமி. இந்தத் தெருவில் எல்லாரும் செய்கிறதுதானே" என்றார்.

அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்கூடம் தொழிலாளர் அரசுக் காப்புறுதித் திட்டத்துக்குள் வரும். 1948-ம் ஆண்டின் சட்டத்தால் பிறந்த திட்டம் இது. 2019 முதல் முதலாளி செலுத்த வேண்டிய பங்கு, சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றேகால். தொழிலாளியின் பங்கு முக்கால். இதற்கு ஈடாக அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கும். நோயுற்ற நாட்களில் சம்பளத்தின் ஒரு பகுதி கிடைக்கும். வேலையில் அங்கம் இழந்தால் ஆயுள் முழுவதும் மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும்.

இந்தக் கடைசிச் செய்தியைக் கருதியே இவ்வளவும் எழுதினோம். சிலுவை வாங்க வந்தவர்களுள் ஓர் இளைஞருக்கு வலக்கையில் இரு விரல்கள் இல்லை. முந்திய ஆண்டு இயந்திரத்தில் போனவை. அவருடைய ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் முதலாளியே ஏற்றார். மூன்று மாதம் அரிசியும் பருப்பும் வீட்டுக்கு அனுப்பினார். பங்கு மக்கள் அவரைப் போற்றினார்கள். நாமும் போற்றினோம். அந்த இளைஞரின் பெயர் பதிவேட்டில் இல்லை என்பதை அன்றுதான் அறிந்தோம். பெயர் இருந்திருந்தால் மூன்று மாதத்து அரிசியன்று, ஆயுட்கால உதவித்தொகை அவருக்கு உரிமையாகக் கிடைத்திருக்கும். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

அவர் கெட்டவர் அல்லர். வாசகர் அவ்விதம் எண்ணிவிடலாகாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்பதைக் குரு வெளியிடலாகாது. ஆனால் மக்கள் எதைப் பாவமென்றே கருதவில்லை என்பதைத் திண்ணைப் பேச்சிலேயே அறிந்துகொள்ளலாம். வெள்ளிக்கிழமை மாமிசம் உண்டுவிட்டதற்காக வருந்துகிறவர், கூலியைக் குறைத்ததற்காக வருந்துவது அரிது. நம் பாட்டிமார் மனப்பாடம் செய்த பழைய குறிப்பிடத்திலோ, வானத்தை நோக்கிப் பழி கேட்டுக் கூக்குரலிடும் பாவங்கள் நான்கனுள் தொழிலாளியின் கூலியை வஞ்சித்தல் ஒன்று. கொலைபாதகத்தோடு ஒரே வரிசையில் அது நிற்கிறது. நாட்கூலிக்காரனின் கூலி மறுநாள் விடியும்வரை முதலாளியிடம் தங்கலாகாது என்பது மோயீசனின் சட்டம். நிறுத்திவைக்கப்பட்ட கூலி இறைவனின் செவியில் அலறுகிறது என்பதே புனித யாகப்பர் தம் நிருபத்தில் செல்வருக்கு விடுக்கும் எச்சரிக்கை. 13-ம் சிங்கராயர் 1891-ல் எழுதிய சுற்றுமடல், இருவரும் ஒப்புக்கொண்ட கூலி என்பதனாலேயே அது நீதியான கூலி ஆகிவிடாது என்றது. பசியால் ஒப்புக்கொள்பவன் மனமொப்பி ஒப்புக்கொள்பவன் அல்லன் அன்றோ!

"சாமியாருக்கு வியாபாரத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் முணுமுணுப்பது நம் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பாங்கு வட்டி தேதி தவறாமல் வந்து நிற்கும். சரக்கு வாங்கியவரோ நான்கு மாதம் கழித்துப் பாதிப் பணம் தருவார். அடுத்த தெருக்காரர் விலையைக் குறைப்பார். குருமடத்தில் நாம் இவற்றையெல்லாம் படிக்கவில்லை. ஆகவே தொழிற்சாலை நடத்திய ஒருவரையே சாட்சிக்கு அழைக்கிறோம்.

அர்ஜென்டீனா நாட்டவரான என்ரிக்கே ஷா 1921-ல் பிறந்தவர். தாயைச் சிறு வயதிலேயே இழந்தவர். பதினான்கு வயதில் கடற்படைப் பள்ளியில் சேர்ந்து அதிகாரியானார். 1945-ல் கடற்படையைவிட்டு விலகி, சாதாரணத் தொழிலாளியாகி உழைப்பாளர் நடுவே வாழ விரும்பினார். ஒரு குரு அவரைத் தடுத்து, தொழில் நடத்துவோரிடையே நற்செய்தியை வாழ்ந்து காட்டுவதே அவருடைய அழைத்தல் என்று அறிவுரை கூறினார். ஷா அதை ஏற்று, புவனோஸ் ஐரிஸ் நகருக்கருகே பெரசாதெகியில் இருந்த ரிகொல்யோ கண்ணாடித் தொழிற்சாலையில் சேர்ந்து, அதன் தலைமை நிர்வாகியாக உயர்ந்தார். மனைவி செசிலியா, பிள்ளைகள் ஒன்பது பேர். எனவே குடும்பச் செலவு என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை!

1952-ல் கிறிஸ்தவத் தொழில் தலைவர்களின் சங்கம் ஒன்றை நிறுவினார். குடும்பஸ்தரான தொழிலாளிக்குக் குடும்பப்படி வழங்குவது சட்டமாக வேண்டுமென்று பாடுபட்டார். 1955-ல் அந்நாட்டு அரசு திருச்சபையோடு மோதியபோது சிறையும் கண்டார். ஆனால் அவர் வாழ்வில் நம்மை நிறுத்திச் சிந்திக்கவைப்பது 1961-ம் ஆண்டு. தொழிற்சாலை நெருக்கடியில் இருந்தது. நிறுவனத்தில் அதிகாரம் பெற்றிருந்த அமெரிக்கப் பங்குதாரர் சுமார் 1,200 தொழிலாளரை நீக்கிவிட எண்ணினர். ஷாவோ அப்போது புற்றுநோயாளி. நோய் தெரிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நோயைக் காரணம் காட்டி ஒதுங்கியிருந்தால் யார் குறை கூறியிருப்பார்கள்? அவர் ஒதுங்கவில்லை. ஒருவரை நீக்கினாலும் தாம் விலகிவிடுவதாகச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல், ஆட்குறைப்பின்றி நெருக்கடியைக் கடக்கும் திட்டம் ஒன்றை வகுத்து அவர்கள் முன் வைத்தார். இதை நாம் சிறப்பாகக் குறிக்க விரும்புகிறோம். இரக்கத்தால் மட்டும் வாதாடியிருந்தால் கேட்டிருக்கமாட்டார்கள். கணக்குத் தெரிந்தவர், கணக்காலேயே வாதாடினார். தொழிலாளர் வேலையிழக்கவில்லை.

மறு ஆண்டு நோய் முற்றி இரத்தம் தேவைப்பட்டபோது, அத்தொழிற்சாலையின் தொழிலாளர் 260 பேர் இரத்தம் கொடுக்க முன்வந்தனர். தம் நாளங்களில் இனி ஓடுவது தொழிலாளரின் இரத்தம் என்று ஷா மகிழ்ந்தார். 1962 ஆகஸ்டு 27-ல் இறந்தார்; வயது 41. பாப்பரசர் பிரான்சிஸ் 2021-ல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். அரசருக்கும் துறவியருக்கும் கன்னியருக்கும் நடுவே ஒரு தொழிற்சாலை நிர்வாகி!

இந்தச் சரித்திரத்தைப் பட்டறை உரிமையாளரிடம் ஒரு மாலைப்பொழுதில் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் தாழ்ந்த குரலில், "சாமி, கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் கோவில்பிள்ளைக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறோம்?" என்றார்.

நமக்கு உடனே பதில் வரவில்லை. அறைக்குத் திரும்பிப் பங்கின் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். விடியற்காலையில் முதல் மணியடித்து, இரவில் கடைசிக் கதவைப் பூட்டுகிற அந்த மனிதரின் சம்பளம் ஆறு ஆண்டுகளாக ஒரு ரூபாயும் ஏறவில்லை. அதே பக்கத்தில் திருவிழா மின்விளக்குச் செலவு எழுதப்பட்டிருந்தது; அது அவருடைய ஓராண்டுச் சம்பளத்துக்கும் மேல். இரண்டுக்கும் கீழே இருந்தது நம் கையெழுத்தே. பிரசங்கப் பீடத்தில் நின்று கூலியைப் பற்றிப் பேசியவர் நாம். கெபிக்குப் பணம் தந்தவரை முன்வரிசையில் அமர்த்தி, அவர் பெயரைக் கல்லில் பொறித்து, அவர் பட்டறைக் கணக்கை ஒருநாளும் கேளாதவரும் நாமே.

அம்மாதப் பங்குப் பேரவைக் கூட்டம் எளிதாக இருக்கவில்லை. விளக்கைக் குறைத்தால் பக்கத்து ஊர்க்காரர் சிரிப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். கோவில்பிள்ளைக்குக் குடியிருக்க வீடு கொடுத்திருக்கிறோமே என்றார் இன்னொருவர். அந்த வீட்டின் கூரை ஒழுகுவதை அவர் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரம் பேசிச் சம்பளத்தை உயர்த்தினோம். ஷாவின் அளவுக்கு அது எட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அடுத்த மே முதல் நாளன்று பட்டறைக்கு மீண்டும் சென்றோம். காப்பியை மேசைமேல் வைத்த உரிமையாளர், ஒன்றும் பேசாமல் பதிவேட்டைத் திறந்து நம் பக்கமாகத் திருப்பினார். பன்னிரண்டு பெயர்கள். விரலிழந்த இளைஞரின் பெயர் பத்தாவதாக இருந்தது. மீதி இருவரைக் குறித்து அவரோடு இன்னும் பேச வேண்டியிருக்கிறது.