சுருண்டு கொள்வது சாந்தம் அல்ல

கொழும்புக்கு அருகே களுபோவிலவில் குடியிருப்பவர்கள் மலைப்பாம்பைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரு பக்கம் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, இன்னொரு பக்கம் 1990இல் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலம். முதலாவதற்கு நுழைவுச்சீட்டு வேண்டும். இரண்டாவதற்குப் பொறுமையும் அதிர்ஷ்டமும் வேண்டும். இப்போது இவை எதுவுமே தேவைப்படாத மூன்றாவது வழியொன்றைக் கைத்தொலைபேசி காட்டுகிறது. பதின்ம வயதுப் பிள்ளையொன்று மஞ்சளும் வெள்ளையுமான பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரிக்கும் காணொளிகள் அவை. அந்தப் பாம்பு அநேகமாக 'பால் பைதன்' என்று விற்கப்படும் ஆபிரிக்கப் பந்து மலைப்பாம்பு.

செனகல் முதல் உகண்டா வரையான புல்வெளிகள்தான் அதன் ஊர். நாலைந்து அடிக்கு மேல் வளர்வது அரிது. பகலில் எலிவளையிலோ கரையான் புற்றிலோ கிடந்துவிட்டு இரவில் வெளியே வரும். குட்டியாக இருக்கும்போது மரமேறிப் பறவைகளைப் பிடிக்கும். பெருத்த பிறகு எலி போன்ற சிறு பாலூட்டிகளுக்கு மாறிவிடும். எதிரியைக் கண்டால் பெரும்பாலும் சீறுவதுமில்லை, கடிப்பதுமில்லை. தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும்.

அதன் கேடுகாலம் இந்தச் சுருளிலிருந்தே தொடங்கியது. கையில் அடங்கும், கடிக்காது, அசையாமல் இருக்கும். ஆகவே 'சாதுவான பாம்பு' என்று சந்தை முடிவு செய்தது. அது சாந்தம் அல்ல, பயம். 1975இலிருந்து மேற்கு ஆபிரிக்காவிலிருந்து உயிரோடு ஏற்றுமதியானவை 30 இலட்சத்துக்கும் மேல். டோகோ, பெனின், கானா ஆகிய மூன்று நாடுகளுமே இதில் முன்னணியில் நிற்கின்றன. சினைப்பாம்புகளை வளையிலிருந்து தோண்டியெடுத்து, பண்ணையில் முட்டையிட வைத்து, பொரித்த குட்டிகளைப் பெட்டியில் அடைத்து அனுப்புவதே வழக்கம். பெனினின் உய்தா நகரில் இதே பாம்புக்குக் கோயில் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1992இல் அமெரிக்காவில் வெளிறிய வகையொன்றை வளர்ப்பில் பிறப்பித்துக் காட்டியதும் வியாபாரத்தின் போக்கே மாறியது. அதன் பின் நிறத்துக்கும் கோலத்துக்கும் விலை வைக்கப்பட்டது. 'ஸ்பைடர்' எனப்படும் வகையின் தோலில் சிலந்தி வலை போன்ற கோடுகள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அதே மரபணு உட்காதையும் கோணலாக்கிவிடுவதால் பாம்பின் தலை தள்ளாடும். சிலவற்றுக்கு இரையைக் குறிபார்த்துப் பிடிக்கவும் முடியாது. அழகுக்காக ஓர் உயிரைப் பிறவி நோயாளியாக்கிப் பரம்பரை பரம்பரையாக விற்பதற்கு எனக்கு மென்மையான பெயர் எதுவும் தோன்றவில்லை.

இந்த வியாபாரம் நமக்குத் தொலைவானதல்ல. 2023 ஜனவரியில் பாங்கொக்கிலிருந்து வந்து சென்னை விமான நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பைகளில் 45 பந்து மலைப்பாம்புகள் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில், கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள். உலகளாவிய வனவிலங்கு வர்த்தக உடன்படிக்கையில் இலங்கை 1979இலேயே சேர்ந்துவிட்டது. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் இத்தகைய பிராணியை இங்கே இறக்குமதி செய்யவும் முடியாது. தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் வேரே விலங்கு வியாபாரத்தில் இருப்பதுதான் வேடிக்கை. இங்கிருந்து ஐரோப்பாவுக்கு விலங்குகளை அனுப்பிவந்த ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மானியர் சேர்த்துவைத்ததில் தொடங்கிய இடம் அது. அதை நடத்திய கம்பனி நொடித்துப்போக, 1936இல் அரசாங்கம் பொறுப்பேற்றது.

நம்முடைய சொந்த மலைப்பாம்பான வெங்கிணாந்தியைப் பற்றி ஒரு காணொளியும் கண்ணில் படுவதில்லை. பந்து மலைப்பாம்பின் ஒன்றுவிட்ட சகோதரம் இது; பத்தடிக்கு மேலும் வளரும். உதட்டுச் செதில்களில் சிறு குழிகள் இருக்கும். இருட்டில் எலியின் உடற்சூட்டை அவற்றால்தான் அறிகிறது. குழிக்குள் வேலை செய்யும் புரதத்தை 2010இல் கண்டுபிடித்தார்கள். கடுகைக் கடித்தால் நம் மூக்கில் ஏறும் எரிவை உணர்த்துவதும் அதே குடும்பப் புரதம்தான்!

முட்டையைக் காப்பதில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. பந்து மலைப்பாம்புத் தாய் முட்டைகளை இறுகச் சுற்றிக்கொள்வது முக்கியமாக அவை உலராமல் இருக்கத்தான் என்று டோகோவில் நடந்த ஆய்வு காட்டியது. வெங்கிணாந்தி ஒருபடி மேலே போய், தசைகளை விட்டு விட்டு நடுக்கித் தன் உடலையே சூடாக்கும். அதன் நெருங்கிய உறவான பர்மிய மலைப்பாம்பில் இதை 1841இலேயே பாரிஸில் ஒருவர் வெப்பமானியால் அளந்து சொன்னார். குளிர் இரத்தப் பிராணி அடைகாப்பதாவது என்று பலர் நம்பவில்லை. 1966இல் அமெரிக்காவில் முறையாக அளந்து உறுதிசெய்த பிறகுதான் அந்த வாதம் ஓய்ந்தது. காட்டில் இதன் வாழ்வைப் பொறுமையாகக் கவனித்தவர்களில் கோயம்புத்தூர் சாலிம் அலி மையத்தைச் சேர்ந்த எஸ். பூபதி முக்கியமானவர். ராஜஸ்தானின் பரத்பூரில், முள்ளம்பன்றி தோண்டிய வளைகளில் மலைப்பாம்புகள் குடியிருப்பதையும் குளிர்காலத்தில் வாசலில் வெயில் காய்வதையும் அவர் பதிவு செய்தார்.

வெங்கிணாந்தி பந்தாகிப் பணிவதில்லை, சீறும், கடிக்கும். விஷமில்லை, ஆனால் பற்கள் நிறைய. குட்டிக்கோ இன்னொரு ஆபத்து: விஷப்பாம்பான புடையன் என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். மறுபக்கத் தவறு இன்னும் மோசமானது. புடையனை வெங்கிணாந்திக் குட்டி என்று கையில் எடுத்தவர் வைத்தியசாலைக்குத்தான் ஓட வேண்டும். புடையனின் முதுகில் கரிய விளிம்புள்ள நீள்வட்டங்கள் சங்கிலிபோல் மூன்று வரிசையாக ஓடும். வெங்கிணாந்தியின் திட்டுகளுக்கு ஒழுங்கான வடிவம் கிடையாது. நிச்சயமில்லை என்றால் எட்டி நின்று 1992க்கு அழைப்பதே நல்லது. அது வனசீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம்.

வளர்த்துச் சலித்த ஆபிரிக்கப் பாம்பைப் பெல்லன்வில நீரோரம் விட்டுவிடலாமே என்று யாருக்காவது தோன்றலாம். அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்ததைப் பாருங்கள். செல்லப்பிராணியாக வந்து தப்பிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, முயல்களையும் ரக்கூன்களையும் துடைத்துத் தின்றன. ஆசியாவிலிருந்து அவை கொண்டுவந்த நுரையீரல் ஒட்டுண்ணி ஒன்று இப்போது அந்த மண்ணின் சொந்தப் பாம்புகளுக்கும் தொற்றிக்கொண்டிருக்கிறது. விமான நிலையத்தில் கைப்பற்றப்பட்ட பந்து மலைப்பாம்பைக் கானாவின் கரையான் புற்றுக்கும் திருப்பியனுப்ப முடியாது. எந்தப் புற்றிலிருந்து, எந்தப் பண்ணை வழியாக வந்தது என்பதற்குப் பெரும்பாலும் எந்தக் காகிதமும் இருப்பதில்லை.