கொறங்காட்டுக் குள்ளநரி: பகையா, துணையா?

காங்கயம், தாராபுரம், கரூர் வட்டாரங்களில் கொறங்காடு வைத்திருப்போர், விடியற்காலையில் ஒரு கோழியைக் காணவில்லை என்றால் குள்ளநரியின் மேல் பழி போடுவது வழக்கம். உடனே சிலர் நாயை ஏவுவர். சிலர் கறியில் நஞ்சு தடவி வைப்பர். இதனால் இறுதியில் நட்டம் யாருக்கு என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

இவை தின்பது என்ன?

குள்ளநரி 2 முதல் 3 கிலோ எடையுள்ள சிறிய விலங்கு. வால் நுனி கறுத்திருக்கும். வளர்ந்த ஆட்டைக் கொல்லும் வலு இதற்கு இல்லை. எலி, வெட்டுக்கிளி, வண்டு, கறையான், ஓணான், இலந்தைப்பழம் ஆகியவற்றைத் தின்று வாழும். காட்டுப்பூனைக்கு எலியே முதன்மையான இரை. இராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகள் வரை தின்பதாகக் கணக்கிட்டுள்ளனர். அப்படியானால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல்! கீரி பகலிலும் புனுகுப்பூனை இரவிலும் எலி பிடிக்கின்றன. ஆக, இரவும் பகலும் கூலி கேளாத காவல் உங்கள் நிலத்துக்குக் கிடைக்கிறது.

எங்கே வாழ்கின்றன?

குள்ளநரிக்குக் கொழுக்கட்டைப்புல் வளர்ந்த திறந்த மேய்ச்சல் நிலமே ஏற்றது. மேட்டுப்பாங்கான இடத்தில் பல வாய்கள் கொண்ட வளை தோண்டும். தை முதல் வைகாசி வரை குட்டிகள் வளையில் இருக்கும். காட்டுப்பூனையும் கீரியும் கிளுவை வேலியின் அடியிலும் புதர்களிலும் பதுங்கும். வேலியை அழித்துக் கம்பி கட்டினாலும், புல்வெளியைச் சீமைக்கருவேல் மூடிவிட்டாலும் இவை இடம் இழக்கும்; எலியோ பெருகும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கோழிகளை மாலையிலேயே கூண்டில் அடைத்துத் தாழிடுங்கள். பெரும்பாலான இழப்பு இதனாலேயே நின்றுவிடும்.

2. கிளுவை வேலியை வேரோடு பிடுங்காதீர்கள். இடைவெளி விழுந்தால் போத்து நட்டு நிரப்புங்கள்.

3. குட்டிகள் உள்ள காலத்தில் வளையை மூடவோ, உழவோ, புகை போடவோ வேண்டாம்.

4. எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி வைப்பது நலம். புரோமடையலோன் தின்ற எலி உடனே சாவதில்லை. அதைத் தின்னும் பூனைக்கும் நரிக்கும் அந்த நஞ்சு ஏறும். நஞ்சுணவு வைத்தால் செத்த எலிகளைத் தேடி ஆழப் புதையுங்கள்.

5. நாய்களுக்குத் தடுப்பூசி போடுங்கள். வெறிநோயும் பிற நாய்நோய்களும் நரிகளுக்குத் தொற்றக்கூடும்.

6. கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றைச் சுற்றி முள் அடைத்து வையுங்கள்.

இவ்விலங்குகளைக் கொல்வதும் பிடிப்பதும் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

கோழிக்கூண்டுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கச் சிறு தொகையே ஆகும். அதைச் செய்யாமல் நரியைக் கொன்றால், அதற்கான விலையை அடுத்த போகத்தில் நிலக்கடலைக் காட்டில் எலி வசூலித்துவிடும்.