லாரிக்குப் பல்வலி!

‘டர்ர்ர்... டக்!’

மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து செங்கல்லைக் குவித்து ‘மலை’ கட்டி, அதன்மேல் ரிமோட் வண்டியை ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். முன்சக்கரம் இரண்டு செங்கல்லுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. விரல் சும்மா இருக்குமா? இன்னும் கொஞ்சம் அமுக்கும். அப்போது வருகிற சத்தம்தான் மேலே சொன்னது. அதற்கப்புறம் மோட்டார் ‘விர்ர்’ரென்று சுற்றும். சக்கரம் மட்டும் ‘எனக்கென்ன வந்தது?’ என்று நிற்கும்.

எனக்கு இது நடந்தது வண்டி வாங்கிய ஒன்பதாவது நாள். (பையனுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். பையன் இன்னும் ரிமோட்டைத் தொடவில்லை என்பது தனிக் கதை.) ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பார்த்தால், ஆக்ஸிலுக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம், எங்கள் தாத்தா மாதிரி பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தது.

இந்த வண்டிகளுக்கு ‘க்ராலர்’ என்று பெயர். ரேஸ் கார் போலச் சீறிப் பாயாது. பாறை மேல் ஆமை மாதிரி ஊர்ந்து ஏறும். அமெரிக்காவில் மோவாப், ரூபிகான் போன்ற இடங்களில் நிஜ ஜீப்புகளைப் பாறை மேல் ஏற்றி விளையாடுகிறார்களே, அதன் குட்டி அவதாரம். பத்தில் ஒரு பங்கு அளவில் ஆக்ஸியல் எஸ்.சி.எக்ஸ்.10, டிராக்ஸாஸ் டி.ஆர்.எக்ஸ்.-4 என்று பிரபலங்கள் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் இருபத்து நாலில் ஒரு பங்குக் குட்டிகளும் உண்டு. நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களைக் காப்பாற்றச் சீனத்து மலிவு வண்டிகளும் இருக்கின்றன. அவற்றில் பலதில் உள்ளே பிளாஸ்டிக் ராஜ்ஜியம்.

‘மெதுவாப் போற வண்டி எப்படி சார் உடையும்?’ என்று கேட்பீர்கள். மெதுவாகப் போவதால்தான் உடைகிறது! உதாரணத்துக்கு, மோட்டார் நாற்பது சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் நாற்பதில் ஒன்றாகக் குறைகிறது. உராய்வில் போனது போக, முறுக்கு விசை கிட்டத்தட்ட அத்தனை மடங்கு ஏறுகிறது. (தீபாவளி முறுக்கு இல்லை. டார்க் என்பார்களே, அது.) மோட்டாரிலிருந்து சக்கரத்தை நோக்கிப் போகப் போக ஒவ்வொரு பல்சக்கரமும் முந்தினதைவிட அதிக பாரம் தாங்குகிறது. கியர் பாக்ஸைவிட ப்ரொபெல்லர் ஷாஃப்டுக்குக் கஷ்டம். அதைவிட ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியனுக்குக் கஷ்டம். கடைசியில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாஃப்ட் பாவம், மாமியார் வீட்டு மாப்பிள்ளைக்கு நேர் எதிர்!

போதாக்குறைக்கு, பெரும்பாலான க்ராலர்களில் இடது வலது சக்கரங்கள் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் மாட்டினால் அடுத்தது சுற்றித் தப்பிக்க வழியில்லை. மொத்த பலமும் மாட்டிய சக்கரத்தின் தலையில்.

இதற்கு ஒரு கெட்டிக்கார வழி, 2017-ல் வந்த டி.ஆர்.எக்ஸ்.-4-ல் இருக்கிறது. யூனிமாக் லாரிகளில் உள்ள ‘போர்ட்டல் ஆக்ஸில்’ மாதிரியே, கடைசி வேகக் குறைப்பை சக்கரத்தை ஒட்டியே வைத்துவிட்டார்கள். அதனால் நடுவில் உள்ள ஷாஃப்டுகளுக்கு பாரம் குறைவு. வயிறும் தரையில் தட்டாது.

நம் கதைக்கு வருவோம். ஆத்திரத்தில் நான் ஆன்லைனில் இரும்புக் கிரவுன் பினியன் வாங்கி மாட்டினேன். இரண்டே நாள். பிளாஸ்டிக் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டது. சரி, அதையும் இரும்பில் போட்டேன். அடுத்து கியர் பாக்ஸுக்குள் பல் போனது. அங்கேயும் இரும்பு! இனி எவன் உடைப்பான் என்று செங்கல் மலையில் ஏற்றினேன். சக்கரம் மாட்டியது. எதுவும் உடையவில்லை. சுற்ற முடியாத மோட்டார் கரண்டை இழுத்த இழுப்பில், அதற்குக் கரண்ட் கொடுக்கும் எலெக்ட்ரானிக் பெட்டி புகைந்துவிட்டது.

“ஏங்க, இந்தக் காசுக்கு நம்ம ஸ்கூட்டருக்கு ரெண்டு டயரும் மாத்தியிருக்கலாமே!” என்றாள் மனைவி. பதில் சொல்லவில்லை. டயர் வழவழவென்று இருந்தது எனக்கும் தெரியும்.

அப்போதுதான் பழைய வாடகை வீட்டு ஃப்யூஸ் கட்டை ஞாபகம் வந்தது. அடிக்கடி ஃப்யூஸ் போகிறதே என்று தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றிவைப்போம். ஃப்யூஸ் போகாது... சுவருக்குள் ஒயர் கருகும்! டிராக்டர் ரோட்டவேட்டரில்கூட வேண்டுமென்றே ஒரு போல்ட்டை பலவீனமாக வைத்திருக்கிறார்கள். வேரில் சிக்கினால் போல்ட் முறியும், கியர் பாக்ஸ் பிழைக்கும்.

ஆகவே சக்கரத்துப் பக்கம் இரும்பு போடுங்கள். கிரவுன் பினியன், ஆக்ஸில் ஷாஃப்ட், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் மூன்றும் இரும்பாக இருந்தால் நிம்மதி. மோட்டாரை ஒட்டி ‘ஸ்பர்’ என்று ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கும். அதை மட்டும் பிளாஸ்டிக்காகவே விடுங்கள். பத்தில் ஒரு பங்கு வண்டிகளில் மூடியைத் திறந்தால் கைக்கு எட்டுகிற சாமான், விலையும் குறைவு, சத்தமும் வராது. உடைந்தால் அது உடையட்டும்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பொக்கையான என் முதல் பல்சக்கரம் பலவீனத்தால் மட்டும் சாகவில்லை. ஷாஃப்டைத் தாங்க பால் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ் போட்டிருந்தார்கள். புஷ் தேய்ந்தது, ஷாஃப்ட் ஆடியது, பல்லோடு பல் நுனியில் மட்டும் கடித்தது. நுனிப் பல்லில் கரும்பு கடித்தால் என்ன ஆகும்? அதேதான். நானோ புஷ்ஷை விட்டுவிட்டுப் பல்லை மட்டும் மாற்றினேன்! முதல் செலவு பேரிங்காக இருக்கட்டும்.

பல்சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி வைப்பது ஒரு கலை. நோட்டுத் தாளில் ஒரு துண்டைக் கிழித்து மோட்டார் பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே கொடுத்து, அமுக்கிப் பிடித்து, மோட்டார் ஸ்க்ரூவை முடுக்குங்கள். தாளை உருவிவிட்டால் சரியான இடைவெளி. பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவைத் திருப்பிப் போடும்போது முதலில் எதிர்ப்பக்கம் சுற்றுங்கள். ‘க்ளிக்’ என்று பழைய மரையில் விழும், அப்புறம் முடுக்குங்கள். இரும்போடு இரும்பு சேரும் ஸ்க்ரூவுக்கு மட்டும் த்ரெட் லாக் பசை ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் பட்டால் சில ரகம் விரிசல் விடும்.

நீலத்திலும் சிவப்பிலும் பளபளக்கும் அலுமினிய சாமான்களைப் பார்த்து மயங்காதீர்கள், சார். ஆக்ஸில் கூட்டுக்கு அலுமினியம் சரி. பல்சக்கரத்துக்கு கடினப்படுத்திய இரும்புதான் லாயக்கு. பித்தளை வேறு ரகம். அதை சக்கரத்தருகே போடுவது பலத்துக்காக இல்லை, எடைக்காக. அடிபாரம் கூடினால் வண்டி குட்டிக்கரணம் போடாது.

இன்னொரு தப்பு, 7.4 வோல்ட் பாட்டரியை எடுத்துவிட்டு 11.1 வோல்ட் போடுவது. பிளாஸ்டிக் பல்லை வைத்துக்கொண்டு இதைச் செய்வது, பல் செட்டு மாட்டியவருக்குக் கடலை உருண்டை வாங்கித் தருகிற மாதிரி.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி ‘டக்!’ ஸ்பர் பல் போயிருந்தது. மாற்றுச் சக்கரம் மேஜை டிராயரில் தயாராக இருந்தது. பத்தே நிமிஷத்தில் முடித்தேன்.

மாடிப்படியில் வந்த மனைவி, “மறுபடியும் உடைஞ்சு போச்சா?” என்றாள்.

“ஆமா, உடைஞ்சு போச்சு!” என்றேன், வாயெல்லாம் பல்லாக.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...