இணைப்போடு பிறந்த வரைபடம்

1968 டிசம்பர் 9, சான் பிரான்சிஸ்கோ. கணினித் துறையினர் ஏறக்குறைய ஆயிரம் பேர் கூடியிருந்த அரங்கில், தலையில் மைக் மாட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தார் டக்ளஸ் எங்கல்பார்ட். கணினி அங்கே இல்லை. அது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் அவருடைய ஆய்வகத்தில் இருந்தது. அதன் திரை மைக்ரோவேவ் வழியாக அரங்கின் பெருந்திரைக்கு வந்துகொண்டிருந்தது.

தொண்ணூறு நிமிட விளக்கத்தில் அவர் முதலில் கையில் எடுத்தது கடைக்குப் போகும்போது நாம் எழுதும் சாமான் பட்டியல். அதைத் தட்டச்சு செய்தார், வகைவாரியாகப் பிரித்தார், வேண்டாத வரிகளை மடக்கி வைத்தார். பிறகு வேறொரு திரையைக் கொண்டுவந்தார். அதில் வீட்டுக்குப் போகும் வழி கோட்டுப் படமாக இருந்தது. வழியில் நூலகம், மருந்துக்கடை. நூலகத்தின் மேல் சொடுக்கினால் அங்கே முடிக்க வேண்டிய வேலை வந்து நின்றது. மறுபடி படத்துக்குத் திரும்பி மருந்துக்கடையைச் சொடுக்கினால் அங்கே வாங்க வேண்டியவை வந்தன.

மவுஸ் உலகுக்கு அறிமுகமான நாள் என்றுதான் அந்த நாளைப் பேசுகிறோம். எனக்கோ அந்தக் கோட்டுப் படம்தான் பெரிது. ஒரு சொல்லைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கும் வசதி, அதாவது ஹைப்பர்டெக்ஸ்ட், தமிழில் மீயுரை, முதன்முதலாகப் பொதுமேடை ஏறியபோதே கையில் ஒரு வரைபடத்தோடுதான் ஏறியது. இன்று இணையத்தில் இணைப்பு எங்கும் இருக்கிறது. வரைபடத்தைத்தான் காணோம். அது எங்கே போனது?

ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல் டெட் நெல்சன் உருவாக்கி 1965-இல் வெளியிட்டது. எண்ணம் அதைவிட மூத்தது. 1945 ஜூலையில் ‘அட்லாண்டிக்’ இதழில் வன்னிவார் புஷ் ஒரு மேசையைக் கற்பனை செய்து எழுதினார். உள்ளே மைக்ரோஃபிலிமில் ஆயிரக்கணக்கான நூல்கள், மேலே அருகருகே இரண்டு திரைகள். இரண்டிலும் இருக்கும் பக்கங்களை ஒரு பொத்தானால் முடிச்சுப் போட்டுவிடலாம். பெயர் மெமெக்ஸ். சிலுவைப் போர்களில் துருக்கியரின் குறுவில் ஆங்கிலேயரின் நெடுவில்லைவிட ஏன் சிறந்தது என்று ஆராய்கிற ஒருவர், படித்த பக்கங்களை ஒவ்வொன்றாகக் கோத்துத் தடம் போட்டுக்கொண்டே போவார். பல ஆண்டு கழித்து நண்பருக்கு அந்தத் தடத்தை அப்படியே நகலெடுத்தும் தரலாம். மெமெக்ஸ் செய்யப்படவே இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையை, அப்போது அமெரிக்கக் கடற்படையில் ரேடார் தொழில்நுட்பராக பிலிப்பைன்ஸில் இருந்த இளைஞர் ஒருவர் செஞ்சிலுவைச் சங்க நூலகக் குடிசை ஒன்றில் படித்தார். அவர்தான் எங்கல்பார்ட்.

எண்பதுகளில் மீயுரை ஆய்வகங்களில் நிஜமாகவே புழக்கத்துக்கு வந்ததும் ஒரு தொல்லை தலைகாட்டியது. புத்தகத்தில் எங்கே இருக்கிறோம் என்பதைக் கையே சொல்லிவிடும். படித்த பக்கம் இவ்வளவு தடிமன், படிக்க வேண்டியது இவ்வளவு தடிமன் என்று விரலுக்குத் தெரியும். மீயுரையில் நாலு இணைப்பு தாண்டினால் எங்கிருந்து வந்தோம், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதே மறந்துபோகிறது. 1987-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஜெஃப் காங்க்லின் இரண்டு சிக்கல்களைப் பெயர் சொல்லிக் குறித்தார்: ஒன்று, திசை தப்பிப்போவது, மற்றொன்று, வழியை நினைவில் வைத்திருப்பதிலேயே மனம் களைத்துப்போவது.

அந்தத் தலைமுறை இதை வெறுமனே விட்டுவிடவில்லை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் ஃபிராங்க் ஹலாஸும் தோழர்களும் உருவாக்கிய ‘நோட்கார்ட்ஸ்’ குறிப்பட்டைகளால் ஆனது. அதில் ஓர் அட்டை வகை மட்டும் தனி. அட்டைகளின் பெயர்களும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக முழு வலையையும் அது வரைந்து காட்டும். அதில் இருந்தபடியே அட்டையைத் திறக்கலாம், புது இணைப்பும் போடலாம். பிரவுன் பல்கலைக்கழகத்தின் ‘இன்டர்மீடியா’வும் மாணவர்களுக்கு இப்படியொரு படத்தைத் திரையில் காட்டியது.

அட்டைகள் பெருகினால் படமே சிக்கலான நூல்கண்டாகிவிடும். அதற்கும் ஒருவர் விடை வைத்திருந்தார். சொந்தத் தெருவில் ஒவ்வொரு வீடும் நமக்குத் தெரியும். பக்கத்து ஊரில் கடைத்தெருவும் பேருந்து நிலையமும் தெரியும். தூரத்து மாநிலத்தில் தலைநகரின் பெயர் மட்டும் தெரியும். ஜார்ஜ் ஃபர்னஸ் 1986-இல் இதையே கணக்காக்கினார். ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு முக்கியத்துவ எண் உண்டு. நாம் நிற்கும் இடத்திலிருந்து அது எவ்வளவு தூரமோ அதைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது ஓர் அளவுக்குக் கீழே போனால் திரையில் காட்டாதே. பெயர் மீன்கண் பார்வை. அருகில் இருப்பது நுணுக்கமாகவும் தொலைவில் இருப்பதில் பெரியது மட்டுமாகவும் தெரியும். எத்தனை எளிய கழித்தல்! இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த யோசனை இதுதான்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னெய்டர்மனுக்கு வந்தது வீட்டுச் சண்டை மாதிரியான சிக்கல். 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 மெகாபைட் வன்தட்டு நிரம்பிவிட்டது. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது யார்? கிளை கிளையாக மரம் வரைந்தால் திரை போதவில்லை. 1990-இல் அவர் திரையை ஒரு நிலம் போலப் பாவித்துப் பாகம் பிரித்தார். முதலில் நெடுக்காக வெட்டு. ஒவ்வொரு பாகத்தையும் உள்ளே குறுக்காக வெட்டு. அதற்குள் மறுபடி நெடுக்காக. எவ்வளவு பெரிய கோப்போ அவ்வளவு பரப்பு. யாருடைய கோப்பு ஊரையே வளைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இதற்கு ட்ரீமேப் என்று பெயர். பங்குச் சந்தைத் தளங்களில் பச்சையும் சிவப்புமாகப் பெரிய கட்டம், சிறிய கட்டம் என்று பார்க்கிறோமே, அது இதன் வாரிசு.

இவ்வளவு சொத்து இருந்தும் உலகம் வேறொன்றை எடுத்துக்கொண்டது. 1989 மார்ச்சில், ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு முன்மொழிவு எழுதினார். ஆட்கள் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அவர்களுக்குத் தெரிந்ததும் கூடவே போய்விடுகிறது என்பது அவருடைய கவலை. அந்த முன்மொழிவின் முதல் பக்கத்தில் இருப்பதும் வட்டங்களும் அம்புக்குறிகளுமாக ஒரு வரைபடம்தான்! ஆனால் அதிலிருந்து பிறந்த வைய விரிவு வலையில் (வெப்) இணைப்பு ஒருவழிப் பாதை. என் பக்கத்திலிருந்து உங்கள் பக்கத்துக்கு நான் இணைப்புப் போட்டால் அந்தத் தகவல் என் பக்கத்தில் மட்டுமே பதிவாகிறது. உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பக்கத்தை அழித்தால் எனக்குத் தெரியாது. வாசகர் ‘பக்கம் இல்லை’ என்னும் 404-இல் போய் முட்டிக்கொள்வார்.

1991 டிசம்பரில் டெக்சஸின் சான் அன்டோனியோவில் நடந்த மீயுரை மாநாடு, இந்த வலையைப் பற்றி பெர்னர்ஸ்-லீ தரப்பு அனுப்பிய கட்டுரையை ஏற்கவில்லை. செயல்விளக்கத்துக்கு மட்டும் இடம் தந்தது. இணைப்புகளைத் தனித் தரவுத்தளத்தில் வைத்து இரு திசையிலும் ஓடவிட்ட அமைப்புகள் அப்போதே இருந்தன, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் உருவான ‘ஹைப்பர்-ஜி’யைப் போல. ஆனால் அப்படிப்பட்ட தரவுத்தளத்தை யாராவது நிர்வகிக்க வேண்டும். பெர்னர்ஸ்-லீயின் வலையில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதனால்தான் அது உலகெங்கும் பரவியது. எல்லா இணைப்புகளும் ஓரிடத்தில் இல்லாததால் முழுப் படத்தை வரைய யாராலும் முடியாமல் போனதும் அதனால்தான்.

பிறகு, ஒரு பக்கத்தை நோக்கி எங்கெங்கிருந்து இணைப்பு வருகிறது என்பதைப் பொறுக்கிச் சேர்க்கத் தனி இயந்திரமே தேவைப்பட்டது. ஸ்டான்ஃபோர்டில் இரண்டு மாணவர்கள் 1996-இல் தொடங்கிய அந்த வேலைக்கு ‘பேக்ரப்’ என்று பெயர். இன்று அது கூகுள். சேர்த்த படம் அவர்களிடம் இருக்கிறது. நமக்குக் கிடைப்பது வரிசையான ஒரு பட்டியல்.

பழைய வசதி முழுக்க அழிந்துவிடவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்து கருவிகள் பகுதியைப் பாருங்கள். ‘இப்பக்கத்தை இணைத்தவை’ என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால், அந்தக் கட்டுரைக்கு எந்தெந்தப் பக்கங்களிலிருந்து வழி வருகிறது என்று வரிசையாக விரியும். இணைப்புகள் எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இருப்பதால் அங்கே அது முடிகிறது.